முப்பத்திரண்டாவது கிலோமீட்டர்

இரட்டை முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. தம்பி குனிந்து அண்ணனின் ஷூ நாடாவை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். வியர்வையில் ஊறிக் காய்ந்து முடிச்சு கல்லாகியிருந்தது.

"விடுங்க சார், கத்திரி இருக்கு. ஒரே வெட்டு," என்றார் மருத்துவமனை உதவியாளர். அவருக்கு அடுத்த அறையிலும் வேலை இருந்தது.

"வெட்டாதீங்க," என்றாள் அண்ணி, சுவரோர நாற்காலியிலிருந்து. "புது நாடா. அவருக்குப் பிடிக்காது."

இனிமேல் அவனுக்குப் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உதவியாளர் கத்திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒருவழியாக ஷூ கழன்றது. கால் பெருவிரலில் நகம் இல்லை. அது போன மாதமே போய்விட்டது. அடுத்த விரலின் நகம் கறுத்திருந்தது. அது இந்த மாதம் போக வேண்டியது.

"தம்பி, முப்பத்திரண்டுல குடிச்சாரா?"

நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, "குடிச்சான் அண்ணி," என்றான்.

"முழுசாவா?"

"முழுசா."

அரைமணி நேரத்துக்கு முன்னால் டாக்டர் வந்து பேசியிருந்தார். முதலில் இதயம் என்றார். பிறகு வெயில், உடம்பில் உப்பும் குறைந்திருக்கலாம் என்றார். பிறகு மறுபடியும் இதயம் என்றார். இரண்டு இதயங்களுக்கு நடுவில் கிடந்த அந்த உப்பை அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். வாசலில் ஒரு கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு சிவப்புப் பேனா. ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் சிவப்பு மைதான். "டயர் பஞ்சர் சார்" என்று டிரைவர் கெஞ்சினால், "அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்" என்பான். முப்பது வருடத்தில் ஒரு பஸ்ஸுக்கும் ஒரு நிமிடம் சலுகை கொடுத்ததில்லை. பள்ளிக்கூட நாட்களிலேயே அப்படித்தான். ஒற்றைக் காலில் செருப்போடு தம்பி வாசலுக்கு ஓடிவரும்போது அண்ணன் தெருமுனை திரும்பியிருப்பான்.

சர்க்கரை கூடிவிட்டது, நடங்கள் என்று ஒரு டாக்டர் சொல்லப்போக, நடப்பது நேர விரயம் என்று முடிவுசெய்து ஓட ஆரம்பித்தான். முதல் மாரத்தானில் இருபத்தெட்டாவது கிலோமீட்டரில், நேரம் முடிந்ததென்று தடுப்புக் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்த வண்டி அவனைத் தாண்டிப் போனது. சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதான். இரண்டாவதை முடித்துவிட்டான். முடித்தவுடன் யாரிடமோ போனை வாங்கி வீட்டுக்குப் பேசினான். பேசினான் என்று சொல்லக்கூடாது, மூச்சு மட்டும் வாங்கினான். "யாருடா நீ பொறுக்கி" என்று அண்ணி போனை வைத்துவிட்டாள். தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் அதுதான் என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். கல்யாண ஃபோட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் சொன்னான்.

நான்காவது மாரத்தானை முடிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் ஒரு வருடமாக அந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. சாப்பாட்டின்போது அதைப் பற்றித்தான் பேச்சு. "பேசாம அந்த மூணு நிமிஷத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்று அண்ணி ஒருநாள் சொன்னாள். அண்ணன் அதை யோசித்துப் பார்ப்பதுபோல் இருந்தான்.

தம்பிக்கு இதில் ஒரே ஒரு வேலைதான். முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருக்கும் விளக்குக் கம்பத்தடியில் பிளாஸ்க்கோடு நிற்க வேண்டும். எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் தேன், ஐஸ். விடியுமுன்பே அண்ணி கலந்துவிடுவாள். வழியில் கொடுக்கும் பானங்களைக் குடித்தால் அண்ணனுக்கு வாந்தி வரும். மற்ற இடங்களில் வெறும் தண்ணீர்தான். "எட்டே முக்காலுக்கு வந்துடுவேன். லேட் பண்ணிடாதே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். முதல் தடவை வரவே இல்லை. மற்ற மூன்று தடவையும் பத்து நிமிடமாவது தாமதமாகத்தான் வந்தான். தம்பியிடம் சிவப்புப் பேனா இல்லாததால் பிழைத்தான்.

அதனால் இன்று காலையில் தம்பி அவசரப்படவில்லை. கடையில் இரண்டாவது டீயையும் நிதானமாக ஊதிக் குடித்தான். எட்டு ஐம்பத்தைந்துக்குக் கம்பத்தடியில் போய் நின்றபோது, அண்ணனை முந்திக்கொண்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பதே முக்காலுக்கு அண்ணியின் போன் வரும்வரை அங்கேயே நின்றான். தாண்டிப்போன அத்தனை பேரையும் கைதட்டி உற்சாகப்படுத்தினான்.

சாயங்காலம் அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கூட ஓடுகிறவர்கள் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் காலையில் கொடுத்த அதே ஆரஞ்சு பனியன். துக்க வீட்டுக்கு இது சரியா என்று வழியெல்லாம் விவாதித்து, காலையிலிருந்து மருத்துவமனை வாசலிலேயே நின்றதில் வேறு சட்டை எடுத்துவர நேரமில்லாமல் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான காப்பீட்டு ஏஜென்ட் அண்ணனின் காலைத் தொடக் குனிந்தபோது, பனியனுக்குள்ளிருந்து பதக்கம் நழுவிக் கட்டிலில் டங்கென்று மோதியது. அவர் அதை உள்ளே தள்ளிவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பார்ப்பதற்குத் துக்கம் போலவே இருந்தது. துக்கமும்தான்.

அண்ணி ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். உள்ளே அண்ணனின் வாட்ச். "எவ்வளவு தூரம் ஓடினார்னு இதுல தெரியுமாமே. பார்த்துச் சொல்லுங்களேன்."

ஏழு பேரில் இன்னொருவரான பல் டாக்டர் அதைத் தன் போனோடு இணைத்தார். ஏழு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. கொஞ்ச நேரத்தில், எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்கு மறந்துபோனது.

"யப்பா, என்னமா ஓடியிருக்கார்! கோடு போட்ட மாதிரி. முப்பத்திரண்டுக்கு எட்டு நாப்பத்தாறு."

"அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிச்சிருப்பாரே!"

"இரு இரு, இது என்ன? முப்பத்திரண்டுல அப்படியே நின்னிருக்கார். நாலு நிமிஷம்."

"கால் பிடிச்சிருக்கும்."

"கால் பிடிச்சவன் அதுக்கப்புறம் இப்படிப் பறப்பானா? முப்பத்தொன்பதுல விழுறதுக்குள்ள அந்த நாலு நிமிஷத்தையும் திரும்பப் பிடிச்சிருக்கார்யா மனுஷன்."

"தண்ணி குடிச்சிருப்பார். இவர் தம்பி அங்கதானே நிப்பாரு."

"தண்ணி குடிக்க நாலு நிமிஷமா? அவரா? போன வருஷம் ஓடிக்கிட்டே குடிச்சு ஓடிக்கிட்டே பிளாஸ்க்கைத் தூக்கிப் போட்டார். தம்பி மண்டையில பட்டு வீங்கிடுச்சு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஏழு பேரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருந்தோம்," என்றான் தம்பி.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் அண்ணி.

கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள். குரல் உயரவில்லை. தன்னிடம் சொல்லாத எதையாவது அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடும் என்று முகத்தில் ஒரு பசி தெரிந்தது.

"மணி கேட்டான்."

சொல்லி முடித்த பிறகுதான், பல் டாக்டர் கையிலிருந்த வாட்ச் தம்பியின் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் பட்டிருக்க வேண்டும். ஏஜென்ட் தொண்டையைச் செருமினார். பல் டாக்டர் வாட்சை உறைக்குள் போட்டு, ஒட்டும் பட்டையைத் தேவைக்கு அதிகமாக அழுத்தி ஒட்டினார். அண்ணி அதை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிய பிறகு தம்பி கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எட்டு நாற்பத்தாறிலிருந்து எட்டு ஐம்பது வரை. கம்பத்தடியில் நின்றுகொண்டு, அண்ணன் தெருவின் எந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பான்? டீக்கடை இருந்தது இடது பக்கம்.

சட்டென்று பிளாஸ்க்கின் ஞாபகம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனான். ஸ்கூட்டர் பெட்டி காலியாக இருந்தது. யாரோ ஒரு பொறுப்பானவர் பையை உள்ளே எடுத்துக்கொண்டு போய் வைத்திருந்தார்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. மேடையில் அந்தப் பை. அண்ணி அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.

"கழுவி வெச்சிடறேன். இல்லாட்டி வாடை பிடிச்சுக்கும்."

"நான் கழுவறேன் அண்ணி, நீங்க போய் உட்காருங்க."

அவள் பிளாஸ்க்கைத் தூக்கினாள். காலிப் பிளாஸ்க்கைத் தூக்குகிற வேகத்தில் தூக்கிய கை, பாதியில் நின்றது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஐஸ் இன்னும் முழுதாகக் கரையவில்லை. சின்னதாகச் சத்தம் கேட்டது.

கூடத்தில் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். குழாயில் காட்டிக் கழுவினாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள். மூடியைத் திருகித் திறந்து, ஒரு சொட்டு சிந்தாமல் விளிம்புவரை ஊற்றினாள்.

"காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் குடிக்கலை. குடிங்க."

"அண்ணி..."

"குடிங்க தம்பி."

வாங்கினான். எலுமிச்சை கொஞ்சம் கசந்துபோயிருந்தது. உப்பு அளவாக இருந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டம்ளரைக் கீழே வைத்தான்.

அவள் பிளாஸ்க்கை மறுபடி சாய்த்தாள்.

"இன்னும் இருக்கு," என்றாள்.