அப்பா கொடுத்த ரத்தம்

என் அப்பாவுக்குச் சல்லடை என்று பேர். பெற்றவர்கள் வைத்ததல்ல, தொழிற்சாலைக்காரர்கள் வைத்தது. வேலை முடிந்து போகிறவர்களின் பையையும் சட்டையையும் வாசலில் நின்று சோதிப்பதுதான் அவர் உத்தியோகம். ஒரு திருகாணிகூட அவரைத் தாண்டி வெளியே போகாது. அந்தப் புத்தியை வாசலோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எங்கள் குடும்பம் பிழைத்திருக்கும். வீட்டுக்கும் கொண்டுவந்தார், பாவி மனுஷன்.

எனக்குச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்க வேண்டும். ஒரு நாள் கையில் விரிப்போடு அப்படியே நின்றுவிட்டேன். கருகல் வாடை வந்து மேஸ்திரி கத்தியபோதும் நகரத் தோன்றவில்லை. பயம் இல்லை, வருத்தம் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மன அழுத்த நோய் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். குணமானால் வேலைக்கு வா என்றார் மேஸ்திரி.

அன்றிலிருந்து அப்பா என் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"முழுங்கு. வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

"நான் என்ன கைக்குழந்தையாப்பா?"

"உங்க அம்மா என்னை ஏமாத்தின மாதிரி நீ ஏமாத்த முடியாது."

அம்மாவுக்கும் இதே நோய், இதே மாத்திரை. விழுங்கியும் அவள் தேறவில்லை. மருந்து சாப்பிட்டால் எப்படிக் குணமாகாமல் போகும், எங்கேயோ துப்புகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார் அப்பா. குப்பைத் தொட்டியைக் கிளறுவார், தலையணையை உதறுவார். ஒரு மாத்திரையும் கிடைத்ததில்லை. கிடைக்காததையே அவள் சாமர்த்தியத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்! நான் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில், துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஏறியவள் படி வழியாக இறங்கி வரவில்லை. "மாத்திரையை ஒழுங்கா முழுங்கியிருந்தா இருந்திருப்பா" என்று ஊரெல்லாம் சொல்லி, அதையே பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் சாப்பிட்டார், தூங்கினார்.

எனக்கும் மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மருந்து இருந்த சுவடே இல்லை.

"நான் சொல்லல?" என்று அப்பா துள்ளினார். "தாயைப் போல பிள்ளை!"

"என் வயித்தைக் கிழிச்சுப் பாருங்க!" என்று கத்தினேன். நல்லவேளை, டாக்டர் கொஞ்சம் யோசிக்கிற ஆள். என்னை வார்டில் சேர்த்து, நர்ஸ் கையால் மாத்திரை கொடுக்கச் சொல்லி, திரும்ப ரத்தம் எடுத்தார். அப்போதும் சுவடு இல்லை. பிறகுதான் மரபணுவைச் சோதித்தார்.

"கல்லீரல்ல மருந்தை உடைக்கிற நொதி ஒண்ணு இருக்கு. அதைச் செய்யச் சொல்ற மரபணு உங்களுக்கு மத்தவங்களைவிட அதிகம். மருந்து வேலை செய்றதுக்குள்ள உடம்பு அதைத் தீர்த்துடுது. உங்க தப்பே இல்லம்மா. வேற மாத்திரை தரேன்."

"ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின கதைதானா டாக்டர்?"

"அதேதான்."

அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். அவரா கேட்பார்!

"இது அவளுக்கு எங்கேருந்து டாக்டர் வந்துச்சு?" என்றார்.

"பரம்பரையா வர்றதுதான். உங்ககிட்டேருந்து வந்திருக்கலாம், இல்லேன்னா அவங்க அம்மாகிட்டேருந்து."

அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். "என் ரத்தத்தை எடுங்க. என்கிட்டேருந்துதான் வந்திருக்கும்."

தேவையில்லை என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அப்பா விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோளாறு தன்னுடையதாகிவிட்டால் அம்மா பொய்க்காரியாகவே இருப்பாள், இவர் கை சுத்தம். செத்தவளை இன்னொரு தடவை சோதனை போடக் கிளம்பிவிட்டார் மனுஷன்.

முடிவு வரும்வரை வீட்டில் ஒரே புலம்பல். "எனக்குத் தலைவலி மாத்திரை என்னைக்காவது கேட்டிருக்கா? பல் பிடுங்கினப்போ மரத்தே போகலையே! என் உடம்புதான் எல்லாத்தையும் எரிக்குது." பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துவைத்தும் இதையே சொன்னார். தனக்குக் கோளாறு வேண்டும் என்று ஏங்கின ஒரே ஆள் உலகத்தில் என் அப்பாவாகத்தான் இருக்கும்.

அதற்குள் புது மாத்திரை என்னிடம் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. இன்னொரு நாள் அம்மாவை நினைத்து ஓவென்று அழுதேன். அழ முடிந்ததே பெரிய விஷயமாக இருந்தது. மேஸ்திரி திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

முடிவு வந்த அன்று அப்பா சவரம் செய்துகொண்டு என்னோடு வந்தார். டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்ல பெரியவரே. எல்லாம் சரியா இருக்கு. சந்தோஷமா போங்க."

"இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. வேற யார் ரத்தமோ மாறியிருக்கும்."

"மாறலைங்க. இது அவங்க அம்மா வழியா வந்ததுதான்."

அப்பா எழுந்து வெளியே போனார். படிக்கட்டில் பாதி இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஏறி இறங்குகிறவர்கள் எங்களை விட்டு ஒதுங்கிப் போனார்கள். 'இப்போ என்னப்பா சொல்றீங்க?' என்று கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை.

"அன்னைக்குக் காலையில அவளை அறைஞ்சேன்," என்றார் அப்பா. "பொய்க்காரின்னு சொல்லி அறைஞ்சேன். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, முழுங்கிட்டேங்க, முழுங்கிட்டேங்கன்னே சொன்னா. அப்புறம்தான் மாடிக்குப் போனா."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவரைத் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சுவரோரமாக நின்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உனக்கு அந்தப் புது மாத்திரை கேக்குதாம்மா?"

"கேக்குதுப்பா."

"அவளுக்கும் கேட்டிருக்கும்," என்றார்.