கண்ணை மூடிய பன்றி

எமெஷேக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிகிறது, வாயோ காதுவரை போய்விட்டது. பின்னே என்ன? அதோ, பீச் மரத்தடியில் பனியின்மேல் மலைபோல விழுந்து கிடக்கிறதே காட்டுப்பன்றி, அது அவள் வாழ்நாளில் சுட்ட முதல் மிருகம். ஒரே குண்டு. ஓடி வந்தது, பொத்தென்று விழுந்தது.

எமெஷே பல் டாக்டர். எங்கள் ஸாலா குன்றுப் பகுதியில் அவள் கைபடாத வாய் குறைவு. வேட்டைச் சங்கத்தில் சேர ஒரு வருஷம் கூடவே திரிந்து பழக வேண்டும். அவளுடைய வருஷம் இன்றோடு சரி, இதுதான் கடைசி வேட்டை. இன்றைக்கு அவளுக்கு அடி விழுந்தால் உறுப்பினர். விழாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பல் பிடுங்க வேண்டியதுதான். அடி என்றால் நிஜ அடி. முதன்முதலாக மிருகம் சுட்டவர் அதன்மேல் குப்புறப் படுக்க வேண்டும், தலைவர் பிரம்பால் பின்பக்கத்தில் மூன்று வைப்பார். எங்கள் பக்கத்தில் வேட்டைக்காரர் ஆவது இப்படித்தான். அடி வாங்குவதற்காக ஒரு வருஷம் தவமிருந்த பல் டாக்டர் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வேட்டை முடிந்ததென்று கொம்பு ஊதியாயிற்று. மற்ற எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுப் பாலிங்கா என்ற பழச்சாராயப் பாட்டிலும் கையுமாகச் சரிவில் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் சங்கத் தலைவர் போல்டிஷார். மீசையைப் பார்த்தால் சிங்கம், எமெஷேயின் நாற்காலியில் உட்கார்ந்தால் முயல். பின்னால் அவருடைய கூட்டாளி கிழட்டு யெனோ. கடைசியாக, பன்றிகளைக் கலைத்துவிடக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன எமெஷேயின் கணவன் வெண்டல்.

"அடி சக்கை! டாக்டரம்மா சாய்ச்சுட்டாங்கடோய்!" என்று போல்டிஷார் அவள் முதுகில் ஓங்கித் தட்டினார். உடனே இடுப்பிலிருந்து பிரம்பை உருவினார். "வா, வா. சூடு ஆறுறதுக்குள்ள அடி விழணும். ஆறிப்போன பன்றிமேல படுத்தா ராசியில்ல."

எமெஷே சந்தோஷமாக நாலு அடி எடுத்து வைத்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

பன்றியின் கண் மூடியிருந்தது. காது இரண்டும் பின்னுக்கு ஒட்டிக் கிடந்தன.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. இது சாகல."

"என்னது?"

"செத்ததுக்குக் கண்ணு திறந்திருக்கும். இது மூடியிருக்கு பாருங்க. கால் மணி நேரம் காத்திருந்து, முதுகுப் பக்கமா போயி, நீளக் குச்சியால கண்ணைத் தொட்டுப் பாக்கணும். எனக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"அது மழைக்காலத்துல சொன்னது. இப்ப குளிருதும்மா!" என்றார் போல்டிஷார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பொம்பளை கையால செத்தோமேன்னு வெக்கத்துல கண்ணை மூடியிருக்கும்" என்றார் யெனோ.

"அடியே எமி, படுத்துத் தொலையேன்" என்று வெண்டல் கரகரத்தான். "குடிசையில கறிக்குழம்பு கொதிச்சு வத்திடும்."

எமெஷேக்குக் கோபம் வந்தது. "அண்ணே, போன வாரம் என் நாற்காலியில இதே மாதிரிதான் கண்ணை இறுக்கி மூடிட்டுக் கிடந்தீங்க. உசுரோடதானே இருந்தீங்க?"

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை போல்டிஷார் சிரிக்கவில்லை. அந்தப் பல்லை அவர் இன்னும் மறக்கவில்லை.

"அடிக்குப் பயந்துட்டுச் சாக்கு சொல்றியா? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு ஊசி போட்டியே, ஞாபகம் இருக்கா? இதுவும் எறும்புதான். துப்பாக்கியைக் காலி பண்ணிட்டுப் படு. இல்லாட்டி இன்னிக்கோட சங்கத்தை மறந்துடு."

ஒரு வருஷ ஆசை, இதோ கைக்கெட்டிய தூரத்தில். படுத்துவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். பன்றியின் பிடரி மயிர் விறைத்து நின்றது.

"படுக்க மாட்டேன்" என்றாள். துப்பாக்கியையும் காலி செய்யவில்லை.

"இதுல என்னம்மா இருக்கு? இங்க பாரு!" போல்டிஷார் பிரம்பை யெனோவிடம் கொடுத்தார், தொப்பியைச் சரிசெய்தார், விறுவிறுவென்று நடந்துபோய்ப் பன்றிமேல் காலை இருபக்கமும் போட்டுக் குதிரையில் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தார். "பாத்தியா? மெத்தை மாதிரி..."

மெத்தை எழுந்து நின்றது.

அப்புறம் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். போல்டிஷார் பன்றிமேல் சவாரி போனார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நிறுத்துங்கடா!" என்று அலறியபடி, முட்புதருக்குள் நுழைந்து, மறுபக்கம் தொப்பியில்லாமல் வெளியே வந்தார். யெனோ வழுவழுப்பான பீச் மரத்தில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தார். வெண்டல் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, "எமி! சுடு! சுடாதே! சுடு!" என்று குதித்தான். பன்றி ஒரு உதறு உதறியது. தலைவர் சேற்றுப் பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தார்.

பன்றி திரும்பியது. கோரைப்பற்கள் அவரைப் பார்த்து நின்றன. எமெஷே துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். மனுஷனும் பன்றியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறார்களே! பக்கவாட்டில் ஓடினாள், அவர் விலகித் தெரிந்ததும் நின்றாள்.

"அண்ணே, தலையைத் தூக்காதீங்க!"

வெடித்தது. பன்றி முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது, காலை உதைத்தது, அடங்கியது.

சேற்றிலிருந்து ஒரு கறுப்பு உருவம் எழுந்து, வயதுக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் பக்கத்திலிருந்த ஓக் மரத்தில் ஏறியது. "ஒருத்தனும் கிட்டப் போகாதீங்கடா!" என்று மேலிருந்து குரல் வந்தது. "கால் மணி நேரம்! அதான் சட்டம்!"

காத்திருந்தார்கள். குளிரில் பல் கிட்டிக்கொண்டே, பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டே காத்திருந்தார்கள். பிறகு எமெஷே குண்டேற்றிய துப்பாக்கியோடு முதுகுப்பக்கமாகச் சுற்றிப் போனாள். கண் திறந்திருந்தது. குச்சியால் தொட்டாள். இமை அசையவில்லை.

"செத்துடுச்சு அண்ணே, இறங்குங்க."

"இன்னொரு கண்ணையும் தொடு."

தொட்டாள்.

"அந்த முதல் கண்ணை மறுபடி ஒருக்கா."

வெண்டல் பனியில் உருண்டு சிரித்தான். எமெஷேயும் சிரித்தாள், வயிறு வலிக்க, துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ஒருவழியாக இறங்கி வந்த போல்டிஷார் வேட்டை வழக்கப்படி ஓக் கிளையில் ஒரு கொத்து ஒடித்து, கையை எட்டிய மட்டும் நீட்டி, பன்றியின் வாயில் கடைசிக் கவளமாக வைத்தார். இன்னொரு கொத்தை ரத்தத்தில் தொட்டு எமெஷேயின் தொப்பியில் செருகினார். "நீ படுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

எமெஷே பன்றிமேல் குப்புறப் படுத்தாள். போல்டிஷார் கையால் மூன்று அடியும் விழுந்தன. நன்றாகவே வலித்தது. எழுந்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் வலியையும் மறந்து எல்லோரையும் கட்டிப்பிடித்தாள்.

"சரி, கிளம்பலாம்" என்றார் போல்டிஷார்.

"எங்க கிளம்புறது?" யெனோ அவர் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கிக்கொண்டு வழியை மறித்தார். "விழுந்த மிருகத்தைத் தாண்டினாலே மூணு அடி. நீ ஏறி உக்காந்து ஊர்வலமே போயிருக்க. அபராதம் யாரு குடுப்பா?"

"நான் தலைவருடா!"

"அதனாலதான் மூணோட விடுறோம். அடிக்கிற உரிமை பன்றிக்குச் சொந்தக்காரருக்கு. அம்மா உறுப்பினரே, இந்தாங்க பிரம்பு."

போல்டிஷார் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இரங்குவதாகத் தெரியவில்லை. சேறு சொட்டச் சொட்டக் குனிந்தார், பன்றியின் கண் திறந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார், குப்புறப் படுத்தார். தன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

எமெஷே பிரம்பை ஓங்கினாள்.

"பயப்படாதீங்க அண்ணே," என்றாள், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."