தானாக மூடப்பட்ட புகார்

அண்ணன் மகளுக்குக் காய்ச்சல். அண்ணன் மருந்துப் புட்டியும் கையுமாக நின்றபடி, மருத்துவர் அனுப்பிய குறிப்பைக் கைபேசியில் ஓடவிட்டான். அவனுக்குக் கண் தெரியாது. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் அந்த மென்பொருளை, சம்பளம் வாங்காமல் எழுதி ஊருக்கே இலவசமாகக் கொடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

"இருபத்தஞ்சு மில்லி," என்றது குரல். திரையில் இருந்ததோ 2.5.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் அலட்டிக்கொள்ளாமல் இரண்டரைதான் அளந்தான். "புள்ளியை முழுங்கிடுது. எனக்குத் தெரியும். தெரியாதவங்க கதி?"

"என்கிட்ட சொல்றதுக்கென்னண்ணா?"

"உங்க இணையதளத்துல புகார் எழுதற பக்கத்துல மூணு தடவை எழுதிட்டேனே!"

தேடிப் பார்த்தேன். முதல் புகாருக்கு யாரும் பதில் போடவில்லை. நாளாகிவிட்டதென்று எங்கள் தானியங்கி நிரலே அதை மூடிவிட்டது. இரண்டாவதை, 'ஏற்கெனவே சொல்லப்பட்டது' என்று, மூடிக்கிடந்த முதலாவதைக் காட்டி மூடியிருந்தார்கள். மூன்றாவதும் பதிலில்லாமல் தானாக மூடிக்கொண்டது. வாயைத் திறக்காதது நாங்கள், தண்டனை எழுதியவனுக்கா?

அங்கேயே உட்கார்ந்து திருத்தத்தை எழுதிவிட்டு, காலண்டரைக் கூப்பிட்டேன். புதுப் பதிப்பு எப்போது வெளிவரும் என்று முடிவு செய்கிறவர். வாயைத் திறந்தால் தேதிதான் வரும், அதனால் அந்தப் பெயர்.

"நாலே வரி சார். நாளைக்கு வர்ற பதிப்புல சேர்த்துடுங்க."

"புதுசா எதையும் சேர்க்கறதில்லன்னு போன வாரமே கதவைச் சாத்தியாச்சும்மா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க வாயில பத்து மடங்கு மருந்தை ஊத்தட்டுமா?"

"யாரோ ஒருத்தர் சொன்னாருன்னு தேதியைத் தள்ள முடியுமா? சும்மா குதிக்காதீங்க."

"யாரோ இல்ல, என் கூடப்பிறந்த அண்ணன்!" கத்தியேவிட்டேன்.

மறுமுனைக் குரல் குழைந்தது. "அடடா, உங்க அண்ணனா? முதல்லயே சொல்லக்கூடாதா? அனுப்புங்க, இப்பவே பாக்கறேன். ரெண்டு நாள் தள்ளிப்போனா என்ன, குடியா முழுகிடும்?"

ஒரு நிமிடத்துக்கு முன்னால் முழுகவிருந்த குடி, அண்ணன் என்றதும் கரையேறிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரியம் கெட்டுவிடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன். அவரும் சொன்னபடி சேர்த்துவிட்டார்.

மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னேன்.

"எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்போ, நான் எழுதினதை இன்னும் யாருமே படிக்கல. அப்படித்தானே?"