கர்ப்பமில்லாதவர் பட்டியல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் 'துல்லியம்' என்று பெயர். பெற்றோர் வைத்தது அல்ல, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. தொண்ணூற்றாறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஒவ்வொரு குழியிலும் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு விடுவாள். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அவள் எழுதிய எண்ணை யாரும் இரண்டாவது தடவை பார்த்ததில்லை.

அவர்கள் அளந்தது ஒரு புரதத்தை. வயிற்றில் பிள்ளை தங்கினால் அதற்குச் சாப்பாடு போக வேண்டும். அதற்கு நஞ்சுக்கொடி புதுப்புது ரத்தக் குழாய்களை வளர்க்க வேண்டும். அந்த வளர்ச்சியைத் தூண்டிவிடுகிற புரதம் தாயின் ரத்தத்தில் மாதாமாதம் ஏறும். ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் படுத்துவிட்டால், சில வாரங்களில் அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தம் எகிறும், கை கால் வீங்கும், வலிப்பில் கொண்டுபோய் விடவும் கூடும். புற்றுநோய்க் கட்டிகளும் இதே மாதிரிப் புரதங்களை வைத்துத்தான் தங்களுக்கு ரத்தம் வரவழைத்துக்கொள்கின்றன. பேராசிரியர் இருபது வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை இருநூறு கர்ப்பிணிகளின் ரத்தத்தை அளக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கர்ப்பமில்லாத, ஆரோக்கியமான பெண்கள் நாற்பது பேர் வேண்டும். கர்ப்பிணிகள் சுலபமாகக் கிடைத்தார்கள். ஆரோக்கியமானவர்கள்தான் கிடைக்கவில்லை. முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டது.

"சும்மா உக்காந்திருக்கிற கைதானே, என்னுதை எடுத்துக்குங்க" என்று துல்லியம் முழங்கைக்கு மேலே சட்டைக் கையைச் சுருட்டினாள்.

படிவத்தில் 'கர்ப்பமாக இருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்பதில் அழுத்தமாக டிக் போட்டாள். வயது நாற்பத்து மூன்று. மகள் கல்லூரி மூன்றாம் ஆண்டு. மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. சரி, நின்றுவிட்டது, ஒரு தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தாள்.

ரத்தம் பிடித்து வைத்த குழாய்களில் யார் பெயரும் இருக்காது, வரிசை கலைத்துப் போட்ட எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அலுவலக அறையில் ஒரு இழுப்பறைக்குள் இருந்தது. அதன் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிற எழுத்தருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். பேராசிரியர் எழுதிக் கொடுத்தால் ஒழிய அந்த இழுப்பறை திறக்காது.

பத்து நாள் கழித்து அந்த நாற்பது பேரின் தட்டை அளந்தபோது, பதினேழாம் எண் மட்டும் தனியாக நின்றது. மற்றவர்களுக்கெல்லாம் பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று வந்த அளவு, இதற்கு நூறைத் தாண்டியது.

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னம்மா, கை தவறிடுச்சா?"

பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. துல்லியத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுபடி அளந்தாள். அதே எண். புதுத் தட்டு பிரித்து மூன்றாம் தடவை அளந்தாள். அதே எண், அச்சுப் பிசகாமல். இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவரை வரவழைத்தார்கள். அவர் அரைநாள் அதைக் குடைந்துவிட்டு, "மிஷின் உங்களைவிட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் பேராசிரியரின் குரலே மாறியது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆரோக்கியமான ஒரு பொண்ணு ரத்தத்துல இவ்வளவு இருக்குன்னா, எங்கயோ ஒரு கட்டி ஒளிஞ்சு வளருது. வெளியில ஒரு அறிகுறியும் தெரியறதுக்கு முன்னாடியே நாம பிடிச்சுட்டோம். புரியுதா இதோட அர்த்தம்?"

எல்லோருக்கும் புரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பேராசிரியர் கட்டுரையின் முதல் பத்தியை எழுதி முடித்துவிட்டார். தரை துடைக்கிறவர்வரை, "பாவம், யாரு பெத்த பொண்ணோ" என்று உச்சுக்கொட்டினார்கள். துல்லியத்துக்கும் மனசு கேட்கவில்லை.

"சார், யாரா இருந்தாலும் சொல்லிடணும். விதியெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா அந்தம்மா கதி என்ன ஆகறது?"

"கண்டிப்பா. விதியைவிட உயிர் பெரிசு" என்றார் பேராசிரியர். அந்தக் கட்டியின் படமும் கட்டுரைக்கு வேண்டியிருந்தது.

பூட்டு இழுப்பறையைத் திறந்தார். பதினேழுக்கு நேரே விரலை ஓட்டினார். ஓட்டிய விரலை எடுக்காமல் அப்படியே நிமிர்ந்து துல்லியத்தைப் பார்த்தார்.

பட்டியலில் இருந்தது அவள் பெயர். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். காலையிலிருந்து முகம் தெரியாத பெண்ணுக்காக இரக்கப்பட்டதெல்லாம் தனக்கே வந்து சேர்ந்துவிட்டதே என்று நினைத்தபோது அழுகையும் வரவில்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எந்தப் பிரச்சனையானாலும் முதலில் கீழே உட்கார்ந்து யோசிப்பார். உட்கார்ந்தார்.

"எங்க இருக்குன்னு பாத்தாங்களா?"

"நாளைக்கு ஸ்கேன்."

"பாக்கறதுக்கு முன்னாடியே கட்டின்னு எப்படிச் சொன்னாங்க?"

"அளவு சொல்லுது."

"உன் அளவு தப்பாது" என்றார் அவர், ஆறுதலாகத்தான். அவளுக்கு அது இன்னும் கிலியைக் கிளப்பியது. மகளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மகளோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

மறுநாள் ஸ்கேன் அறைக்கு மூவரும் போனார்கள். பேராசிரியரும் வந்திருந்தார். ஸ்கேன் டாக்டர் சின்ன வயசுக்காரி, வாயில் சூயிங்கம். சீட்டில் 'மறைந்திருக்கும் கட்டி, தேடவும்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று வரிசையாகத் தேடிக்கொண்டே வந்தாள். அடிவயிற்றுக்கு வந்ததும் கருவி நின்றது. சூயிங்கமும் நின்றது.

"கிடைச்சுடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார் பேராசிரியர்.

"கிடைச்சுடுச்சு சார். கட்டி கையை ஆட்டுது."

திரையைத் திருப்பிக் காட்டினாள். தலை, முதுகு, மடக்கிய இரண்டு கால். பதினாறு வாரம் இருக்கும் என்றாள். நஞ்சுக்கொடிப் புரதத்தையே இருபது வருஷமாக ஆராய்கிறவரும், பத்தொன்பது வருஷமாக அளக்கிறவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது மகள்தான். "அம்மா! புற்றுநோய்னு நெனச்சு ராத்திரி பூரா அழுதேன். இப்ப இதுக்கும் அழணுமா? என் ஃப்ரெண்ட்ஸுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.

புருஷன் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியர் கட்டுரையின் முதல் பத்தியைக் கிழித்துப்போட்டார். ஆனாலும் கெட்டிக்கார மனுஷர். ஒரு வாரத்தில் தெளிந்து, "கர்ப்பிணிகள் குழுவுல சேந்துடுங்கம்மா, நடுவுல ஒருத்தங்க விலகிட்டாங்க" என்றார். அவளும் சேர்ந்தாள். மறுபடியும் தன் ரத்தத்தைத் தானே அளக்கக் கூடாது என்பதால், அவளுடைய குழாய்களைத் தனி டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்து, அவள் பிரசவ விடுப்பில் போன பிறகு வேறொருவர் அளப்பது என்று ஏற்பாடு. அந்தத் தாளில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். எல்லாத் தாளிலும் போடுவதுபோலப் படிக்காமல்தான் போட்டார்.

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வயிறு மேசையில் இடிப்பதால், நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தாள். அன்றைய தட்டில், ஏழாம் மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளின் வரிசையில், நூற்று எட்டாம் எண் அதலபாதாளத்தில் கிடந்தது. நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு. மறுபடி அளந்தாள். பதினெட்டு.

தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், இந்தம்மாவுக்குச் சொல்லணும். ரெண்டு மூணு வாரத்துல பிரஷர் எகிறப் போகுது."

பேராசிரியர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆய்வு முடியறவரைக்கும் முடிவை யாருக்கும் சொல்லக் கூடாதும்மா. இந்தப் பரிசோதனை சரியா சொல்லுதான்னு பாக்கத்தானே ஆய்வே நடத்தறோம்? நடுவுல சொல்லிட்டா எல்லாம் கெட்டுப்போயிடும். விதின்னு ஒண்ணு இருக்கு."

"போன தடவை உடனே தொறந்தீங்களே?"

"அது வேற. அது கட்டி."

அது கண்டுபிடிப்பு, இது வெறும் ஆபத்து என்று துல்லியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது. முதுகு வேறு வலித்தது. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிஜமாகவே நிற்க முடியவில்லை.

"அது என்னுதா இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

பேராசிரியர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தாளில் இருந்த பதினெட்டைப் பார்த்தார். நாற்பத்து மூன்று வயது, ஏழாம் மாதம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அய்யய்யோ, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா! பூட்டு! பூட்டைக் கூப்பிடுங்க!"

அவள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். தன் குழாய்கள் டப்பாவிலேயே உறைந்து கிடக்கின்றன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பேராசிரியர் எழுதிக் கொடுக்க, பூட்டு இழுப்பறையைத் திறந்தார். நூற்று எட்டு, செருப்புக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். இருபத்தாறு வயது, முதல் பிரசவம்.

"நீங்க இல்லையாம்மா" என்று பேராசிரியர் பெருமூச்சு விட்டார். விட்ட பிறகுதான் பெயர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு உறைத்தது. தெரிந்த பெயரைத் தெரியாததாக ஆக்க முடியாது. பூட்டு சாவியைக் கையில் வைத்தபடி நின்றார். துல்லியம் தொலைபேசியை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

செருப்புக் கடைப் பெண் மறுநாளே வந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லை சார், கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான். நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கேன்ல" என்றாள். ரத்த அழுத்தம் அப்போதே வரம்பைத் தாண்டியிருந்தது. படுக்கையில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்துப் பிரசவத்தை இரண்டரை வாரம் தள்ளினார்கள். அதற்கு மேல் தள்ள முடியாமல் பிள்ளையை எடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு, குரலை உயர்த்தி அழக் கற்றுக்கொண்டு வெளியே வந்தது.

பேராசிரியர் ஒரு மாநாட்டில், "மனிதாபிமானத்தோடு நான் விதியைத் தளர்த்தினேன்" என்று பேசினார். எழுந்து நின்று கை தட்டினார்களாம். வந்த வேகத்தில் விதியையே திருத்தி எழுதினார். இனிமேல் அளவு இவ்வளவுக்குக் கீழே போனால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எந்தக் காரணத்துக்காக எழுதினாரோ, எழுதினாரே என்று துல்லியம் நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த விதியால் மூன்று பெண்கள் வேளையோடு படுக்கைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவளுக்கு நிறைமாதத்தில், ஒரு குறையும் இல்லாமல் ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் பேராசிரியர் பார்க்க வந்தார். அவள் கட்டில் பக்கத்தில் மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கல்லூரித் தோழிகளுக்குப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"உங்க ட்யூபெல்லாம் நேத்து அளந்தாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தனி டப்பாவுல இருந்துச்சாம்."

"ஆமா சார்."

"மொதல்லேருந்தே?"

"மொதல்லேருந்தே சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"அப்ப, அன்னிக்கு என்கிட்ட வந்து..."

"நான் கேள்விதானே சார் கேட்டேன்."

பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, "இதை நான் இனிமே எந்த மாநாட்டுலயும் சொல்ல முடியாது" என்றார்.

"சொல்லாதீங்க சார். அந்தம்மா பிள்ளை நல்லா இருக்குல்ல, அது போதும்."

பிள்ளை சிணுங்கியது. மகள் அதை அப்படியே தூக்கி அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டடி பின்வாங்கி, விலை உயர்ந்த கண்ணாடிக் குடுவையை வாங்குவதுபோல முழங்கையை விறைத்துக்கொண்டு வாங்கினார். பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"எப்படிம்மா பிடிக்கணும் இதை?"

"கழுத்துக்கு அடியில கை குடுங்க சார். இன்னும் கொஞ்சம் மேல. அவ்வளவுதான்" என்றாள் மகள்.