கார்த்திகையைச் சூழ்ந்த பழுப்பு

…இல்லை, மலையில் ஏற்றிய கார்த்திகை தீபத்தின் வெளிச்சமாக இருக்கவே முடியாது, தை பிறந்து இருபது நாளாகிறது, மலையுச்சியிலிருந்து கொப்பரையை இறக்கியே எத்தனை நாள், பிறகு இந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று அருணாதேவி கணினித் திரையை இன்னொரு முறை பெரிதாக்கினாள். இந்த வாரம் இரண்டு இரவுகளில் எடுத்த புதிய படம்: நடுவில் கார்த்திகை விண்மீன்கள், அவற்றைப் போர்த்திய நீலப் புகை. கீழே இடப்புறம், தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் அதே கறை. கீழ்பென்னாத்தூரில் தம்பியின் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து முந்தைய ஆண்டு தீப நாள்களில் எடுத்த படத்திலும் அங்கேதான் இருந்தது. மலைவிளக்கின் வெளிச்சமென்று தீர்மானித்து அவளே அழித்தாள், ஒரு நொடியும் தயங்காமல். அழித்த படம்தான் விண்நோக்கர் சங்கத்தின் நாட்காட்டியில் ஏறியது, நாளைய கண்காட்சியில் ஆளுயரத்துக்குத் தொங்கப்போகிறது, சங்கத் தலைவர் ஆதிமூலம் பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் கேட்டிருக்கிறார்… பேசாமலிருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியுமே.

பின்னால் வந்து நின்ற கணவர் சகாதேவன், பழைய படம் பளிச்சென்று இருந்ததாகவும் இதில் அழுக்கு ஜாஸ்தி என்றும் சொன்னார். “நம்ம வீட்டுல இவ்ளோ தூசி இருந்தா சும்மா விடுவியா நீ?”

“அது துடைக்கிற தூசி. இது அப்படி இல்லீங்க.”

இரண்டாம் இரவு கேமராவைக் கால் வட்டம் திருப்பி வைத்தல்லவா எடுத்தாள், லென்ஸின் குறையென்றால் கறையும் கூடவே திரும்பியிருக்கும். திரும்பவில்லை, விண்மீன்களோடு நின்றது. நீலமும் பழுப்பும் ஒரே விண்வெளித் தூசிதான், விண்மீனுக்கு அருகில் இருப்பது அதன் ஒளியை வாங்கி நீலமாகத் தெரிகிறது, தள்ளியிருப்பதற்கு அவ்வளவு ஒளி கிட்டவில்லை… இதில் ஐயத்துக்கு இடமில்லை. நாட்காட்டிப் படம் தவறு, தூசியை நானே அழித்தேன், இதை மாட்டுங்கள் என்று மூன்றே வரி எழுதிப் புதிய படத்தோடு அனுப்பினாள். உடனே ஆதிமூலம் அழைத்தார்.

“காலண்டரை முந்நூறு வீட்டுல மாட்டிட்டாங்களேம்மா?”

“மாட்டியிருக்கட்டும் சார். தப்புன்னு நானே வந்து சொல்றேன்.”

கைபேசியை வைத்தபோது மனம் லேசாகத்தான் இருந்தது. எண்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும், அளந்ததும், திருப்பிப் பார்த்ததும் எல்லாம் ஒழுங்கு, ஒரு படிகூட விடவில்லை… அனுப்பிய படத்தின் வலது ஓரம்? அங்கேயும் மங்கலாக ஒரு படலம் இருந்தது, ஊர் வெளிச்சம் என்று காலையில் காப்பி குடித்துக்கொண்டே கறுப்பாக்கினாள், அதை மட்டும் எதனோடும் ஒப்பிடவில்லை… ஊர் வெளிச்சமென்று அவளுக்கு யார் சொன்னது?