நீலக் கம்பி

மூன்று லீவர்களும் கட்டிக்கிடந்தன. பட்டறைக்கு ஆய்வுக்கு வந்த டேங்கரின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது அதுதான். தோள் உயரத்தில் வரிசையாக மூன்று இரும்பு லீவர்கள், டேங்கின் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று. மூன்றையும் கீழே இழுத்து, நீல பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் சட்டத்தோடு சேர்த்து முறுக்கியிருந்தது. கம்பி அவளுக்குத் தெரிந்த கம்பி. அதன் மீதித் துண்டு இந்த நேரத்தில் அவள் வீட்டுக் கொல்லையில் ஈரத்துணி சுமந்துகொண்டிருக்கும்.

இந்த வண்டியின் டிரைவர் அவள் புருஷன்.

டேங்கர் என்றால் பின்னால் தொங்கும் குழாயும் அதன் வாயில் இருக்கும் திருகு வால்வும்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் பதினாறு வருஷமாகக் கைவைத்துக்கொண்டிருப்பது யார் கண்ணுக்கும் படாத உள்வால்வில். டேங்கின் அடிவயிற்றுக்குள், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், ஓட்டையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டு அது. மேலேயிருந்து ஸ்பிரிங் அதை அமுக்கிக்கொண்டிருக்கும். லீவரை இழுத்தால் தட்டு எழும்பி டீசல் குழாய்க்குள் இறங்கும். அப்புறம் வெளிவால்வைத் திறந்தால் ஓடும். லீவரை விட்டால் தட்டு 'டக்' என்று உட்கார்ந்துவிடும். வெளியே எவனாவது வந்து மோதிக் குழாய் பிய்ந்து போனாலும் குழாயில் இருந்த நாலு லிட்டரோடு போய்விடும், டேங்கு மூடியபடியே கிடக்கும். லீவரைக் கட்டிவைத்தால் அந்தக் காவல் இல்லை. முழு டீசலையும் பின்னால் இருக்கும் திருகு ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டு ஓடும்.

இழுக்கிற சள்ளைக்காகக் கம்பி கட்டுகிற டிரைவர்கள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் அப்படிக் கட்டிவைத்துப் பின்னோக்கி எடுக்கும்போது கல்தூணில் இடித்தான். ஐயாயிரம் லிட்டர் தெருவில் போனது. நாலு தெரு ஜனம் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் புருஷன்தான் சொன்னார், "கம்பி கட்டறவன் கைய வெட்டணும்."

அவள் இடுக்கியை எடுத்தாள். முதல் முறுக்கைப் பிடித்துத் திருப்பினாள். கம்பி பிரியாமல் இன்னும் இறுகியது. இடுக்கியை நிறுத்திவிட்டு முறுக்கைப் பார்த்தாள். வலதுகைக்காரன் முறுக்கினால் கம்பி ஒரு பக்கமாகச் சுற்றும். இது எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. மூன்றும் அப்படியே. இடதுகையால் முறுக்கியது. அவரோ வலதுகைக்காரர்.

அப்போதுதான் வகிடு நினைவுக்கு வந்தது. ஒரு மாசமாக அவர் தலைவகிடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிருந்தது. மகள்கூடக் கேலி செய்தாள், "அப்பாவுக்கு இந்த வயசுல ஸ்டைல் வந்துடுச்சு, பாத்துக்கோம்மா." இவளும் சேர்ந்து சிரித்தாள். சட்டைக்குள் வலக்கையை முதலில் நுழைத்துவிட்டு அப்புறம் இடக்கையைத் தேடுவது, பரண்மேல் இருந்த பெட்டியை எடுக்கச் சொன்னால் "அப்புறம் எடுக்கறேன்" என்பது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. வலது தோள் ஏறவில்லை. லீவர் இருப்பதோ தோள் உயரத்தில்.

"என்னம்மா, வீட்டு வண்டின்னதும் சாமி கும்பிடற மாதிரி நிக்கற?" மேஸ்திரி ஆய்வுச் சீட்டோடு வந்தார். சட்டைப்பையில் எப்போதும் ரப்பர் முத்திரை வைத்திருக்கிற மனிதர். அடுத்த வாரம் வைத்திருந்த ஆய்வை இன்றைக்கே இழுத்துப்போட்டவரும் அவர்தான். இல்லாவிட்டால் புருஷன் இந்தக் கம்பியை வாசலுக்கு வெளியிலேயே அவிழ்த்திருப்பார். "மூணு டிக்கு, ஒரு கையெழுத்து. நான் சாப்பிடப் போகணும்."

அவள் பெட்டிக் கதவைச் சாத்தினாள். கம்பி இருந்தது என்று எழுதினால் இன்றோடு அவர் வண்டியை விட்டு இறங்கவேண்டும். சரி என்று எழுதினால் நாளைக் காலை அவர் எந்தத் தூணுக்கு முன்னால் பின்னோக்கி எடுப்பாரோ.

"வண்டி நிக்கணும் அண்ணே. ரெண்டு நாள். லீவர் ரொம்ப இறுக்கம், உள்ளாற கழட்டிப் பாக்கணும்."

"இறுக்கமா இருந்தா நல்லதுதானே. ஒரு சொட்டு கசியாதுன்னு நீதானே தம்பட்டம் அடிச்ச?"

தம்பட்டம் அடித்தது உண்மைதான். சீட்டில் 'லீவர் இறுக்கம், இரண்டு நாள் நிறுத்தம்' என்று மட்டும் எழுதிக்கொடுத்து, மேஸ்திரி சாப்பிடப் போனதும் கம்பிகளை வெட்டினாள்.

வாசலில் டீக்கடை பெஞ்சில் புருஷன் இருந்தார். டம்ளர் இடதுகையில். இவள் வருவதைப் பார்த்ததும் வலதுகைக்கு மாற்றப்பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். வெட்டியெடுத்த மூன்று நீலத் துண்டுகளைப் பெஞ்சின்மேல் அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் டீயைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ வண்டியில ஏறவே விடமாட்ட."

"ஆமா, விடமாட்டேன்."

"அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் உள்ளே போய் டேங்கைக் கழுவவிட்டாள்.

கழுவி, மேல்மூடிகளைத் திறந்துபோட்டு ஆவி போகவிட்டு, மறுநாள் மத்தியானம் மூன்று உள்வால்வுகளையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். அச்சு வளைந்திருக்கும், இல்லை துரு பிடித்திருக்கும் என்றுதான் தேடினாள். அச்சு நேராக இருந்தது. தட்டு வழவழவென்று இருந்தது. மேசையில் பளபளத்துக்கொண்டிருந்தவை மூன்று ஸ்பிரிங்குகள் மட்டும்தான்.

ஒன்றை அவள் கையில் எடுத்தாள். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்து அலமாரியிலிருந்து இந்த மாடலுக்கு உரிய ஸ்பிரிங்கையும் எடுத்து அருகில் நிறுத்தினாள். அதன் கம்பி பென்சில் கனம். மேசையில் இருந்தது சுண்டுவிரல் கனம். இரண்டு மடங்கு பெரிய டேங்கருக்கான ஸ்பிரிங். எட்டு மாசத்துக்கு முன்னால் அவளே தேடி எடுத்து அவளே போட்டது. அந்தக் கல்தூண் கதை மனசைவிட்டுப் போகாமல், நம்ம வீட்டு ஆள் ஓட்டுகிற வண்டி, இதில் ஒரு சொட்டுக்கூட வெளியே வரக்கூடாது என்று நல்ல கனமாகப் பார்த்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பட்டறை முழுக்கப் பெருமையும் பேசினாள். ஒரு நாளைக்கு ஆறு பெட்ரோல் பங்க், ஒவ்வொன்றிலும் மூன்று லீவர் வீதம் எட்டு மாசம். மனுஷன் தோள் என்ன இரும்பா?

அவர் உதிரிப்பாகங்களுக்கு நடுவே வந்து நின்றார். அவள் இரண்டு ஸ்பிரிங்கையும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எது உங்க வண்டில இருந்தது தெரியுமா?"

அவர் பார்த்தார். "ஓ" என்றார். கனமான ஸ்பிரிங்கைத் தொட்டு, "புது வால்வு போட்டதுலேர்ந்துதான் இழுக்க முடியல. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"நீ அத்தனை சந்தோஷமா சொல்லிட்டிருந்த. நான் போட்ட வால்வு, நான் போட்ட வால்வுன்னு. அதுல போய் இறுக்கம்னு எப்படிச் சொல்ல?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. இரண்டையும் மறைக்கப் பதிவேட்டை இழுத்து எழுதினாள். 'ஸ்பிரிங் தவறானது. பொருத்தியது நான்.' கீழே கையெழுத்துப் போட்டாள். மேஸ்திரி இதைப் படித்துவிட்டு மாசக்கணக்கில் வாயில் போட்டு மெல்லுவார். மெல்லட்டும்.

"கம்பியையும் எழுதிடு," என்றார் அவர்.

"அத நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்க கம்பி."

அவர் போனார். அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் கை மேலும் கீழும் போவது தெரிந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திரும்பி வரும்போது முகத்தில் எதையோ இறக்கிவைத்த தெளிவு. "பதினஞ்சு நாள் வண்டி கிடையாது. தோளைக் காட்டி டாக்டர் சீட்டு வாங்கிட்டு வான்னுட்டார். அப்புறம் பாக்கலாமாம்."

"வேலை?"

"போகச் சொல்லல. பாக்கலாம்னுதான் சொன்னார்." பிறகு, "புருஷனும் பொண்டாட்டியும் சேந்து ஒரு டேங்கரைக் கெடுத்தது இதான் மொத தடவைன்னார்."

சாயங்காலம் உரிய ஸ்பிரிங்குகளைப் போட்டு, டேங்கில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தார்கள். அவள் வெளிவால்வை முழுக்கத் திறந்துவைத்துக் குழாயின் வாய்க்குக் கீழே குந்தி உட்கார்ந்தாள். லீவரை இழுக்க ஆளைக் கூப்பிட வாயெடுத்தாள். அவர் ஏற்கனவே பெட்டிப் பக்கம் போயிருந்தார்.

"இடதுகையால இழுங்க."

"தெரியும், இழுக்கறேன்."

லீவர் இறங்கியது. முனகல் இல்லை, மூச்சுப் பிடிக்கவில்லை. தண்ணீர் குழாய் முழுக்க வந்து வாளியில் இடித்தது, அவள் முழங்கால்வரை நனைத்தது. "விடுங்க," என்றாள். உள்ளே எங்கோ 'டக்' என்று கேட்டது. நீர் மெலிந்தது, கயிறாகி, நூலாகி, நின்றது. அவள் கையைக் கீழே ஏந்திக்கொண்டு காத்திருந்தாள். குழாயின் உதட்டில் கடைசிச் சொட்டு ஒன்று திரண்டு தொங்கியது.

அவள் வண்டியின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். அவருடைய வலதுகை லீவரை நோக்கி இடுப்பிலிருந்து கிளம்பி, மெதுவாக, விலா உயரம் வந்து, அங்கே கொஞ்சம் நின்று, இன்னும் ஒரு விரற்கடை மேலே போனது. சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.