விமானம் கொண்டுபோன பேச்சு

திலகவதி குடியிருந்த வெளிநாட்டு ஊரில், போர் விமானம் தலைக்கு மேல் பறக்கும்போது பேசுகிற பேச்செல்லாம் ராணுவ முகாமுக்குச் சொந்தம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்திலேயே அது இருந்தது. அவள் கணவன் கோமதிநாயகம் முகாமின் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் அவன்தான்.

அப்படிப் போன பேச்சு போனதுதான். கேட்டவர் காதிலும் விழாது, சொன்னவர் நினைவிலும் நிற்காது. ஊர்க்காரர்கள் அதற்கேற்றபடி பிழைக்கப் பழகியிருந்தார்கள். மேலதிகாரியைத் திட்டுவது, சம்பந்தியைச் சபிப்பது எல்லாவற்றையும் நாலேகால் மணி விமானத்துக்கென்று எடுத்து வைப்பார்கள். மகள் மீனா, வாய்ப்பாட்டில் தனக்குத் தெரியாத இடங்களை அந்த நேரம் பார்த்து ஒப்பிப்பாள். பதினோரு வருஷத்தில் கோமதிநாயகம் பெண்டாட்டியிடம் ஒருமுறையாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விமானம் போகும்போதுதான் கேட்டிருப்பான். மனுஷன் அவ்வளவு கெட்டிக்காரன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவிலிலிருந்து அம்மா பேச்சியம்மாள் போனில் கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு பழக்கம். கூப்பிட்ட காரணத்தை முதலில் சொல்ல மாட்டாள். மழை, பக்கத்து வீட்டுப் பசு, கூட இருக்கும் மகன் சங்கரலிங்கத்தின் மூட்டு வலி எல்லாம் பேசி முடித்து, "சரி, வச்சிருதேன்" என்பாள். விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். அதனால் அம்மா "வச்சிருதேன்" என்றதும் திலகவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சரியாக அப்போது விமானம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற வழக்கமே கிடையாது. சத்தம் அடங்கியபோது, அந்தப் பக்கம் அம்மா பதிலுக்குக் காத்திருப்பது மட்டும் தெரிந்தது.

"சரிம்மா" என்றாள் திலகவதி. காதில் விழாதபோது பிள்ளைகள் எல்லோரும் அம்மாவிடம் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

அம்மா மூச்சு விட்டது கேட்டது. மனசு நிறைந்தால் அப்படித்தான் விடுவாள்.

"எம்மா, நான் எதுக்குச் சரின்னேன்?"

"எனக்கும் மறந்துபோச்சுட்டி. நீ சரின்னு சொன்னல்லா, அது போதும்."

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. மகளைப் பார்த்து ஆறு வருஷமாகிறது. எதற்கு வாக்குக் கொடுத்தோம் என்று தெரியாமல் திலகவதிக்கு ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. முகாம் வாசலில் இருந்த பேச்சு விசாரணை அறை வெள்ளிக்கிழமைதான் திறக்கும்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றாள். சீருடை போட்ட பெண் அதிகாரி பதிவேட்டைப் புரட்டினாள்.

"உங்கள் அம்மா பேசியது நல்ல கனமான சரக்கு. அன்று இரவே ஏற்றிவிட்டோம். திங்கள் காலை ஒரு மலைக் கிராமத்தின் மேல் போட்டாயிற்று."

"போட்டால் என்ன ஆகும்?"

"கிராமம் முழுக்கக் கேட்டது. ஒரே ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். உங்கள் வயதுதான் இருக்கும்."

அதிகாரி நகல் ஒன்றை நீட்டினாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'ஏட்டி, நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒருதரம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ.'

திலகவதி நின்ற இடத்திலேயே அழுதாள். பொருள் பயன்படுத்தப்பட்டுவிட்டதால் திருப்பித் தர இயலாது என்ற தாளில் அதிகாரி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"என்னங்க, நான் ஊருக்குப் போணும்" என்றாள் வீட்டுக்கு வந்து.

"மீனாவுக்குப் பரீட்சை முடியட்டும். ஜூன்ல பார்ப்போம்" என்றான் கோமதிநாயகம்.

ஆறு வருஷமாக அவன் வாயில் வருகிற ஜூன்தான் அது. நாலேகாலுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. திலகவதி காத்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த அமைதியிலேயே, முகத்துக்கு நேராகச் சொல்லி முடித்தாள். மீனா வாய்ப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு திலகவதி பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நான் ஊருக்கு வாரேன். அம்மாட்ட சொல்லிருங்க."

"யாரு பேசுதது?"

"திலகவதிதான்ணே."

அண்ணன் தெரியாதவர்களிடம் காட்டுகிற மரியாதையோடு பேசினார்.

"திலகவதி புதன்கிழமையே வந்துட்டாளேம்மா. அம்மா அவ கையப் பிடிச்சுக்கிட்டு, 'வந்துட்டியாட்டி'ன்னு கேட்டா. அதோட மூச்சு அடங்கிட்டு. நேத்து எல்லாம் முடிஞ்சுது. நீங்க அவ சிநேகிதியா?"

திலகவதிக்கு என்னென்னவோ கேட்க வேண்டியிருந்தது.

"வாய்க்கரிசி யாரு போட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"மகதான் போட்டா. வேற யாரு போடுவா? அவ அழுத அழுகையில தெருவே கலங்கிட்டு. ஆறு வருசமா ஏன் வரலைன்னு நாங்க ஒரு வார்த்த கேக்கல."

"சாப்பிட்டாளா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல. நீங்களாவது சொல்லிப் பாருங்க. இருங்க, அடுப்படியிலதான் நிக்கா."

அண்ணன் உள்ளே பார்த்து, "ஏட்டி திலகவதி, உனக்குப் போன் வந்திருக்கு" என்று கூப்பிடுவது கேட்டது. பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தமும், நடந்து வருகிற சத்தமும் கேட்டன. திலகவதி போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, தான் வந்து பேசுவதற்காகக் காத்திருந்தாள்.